இராஜம்மா வீட்டு எறும்பு மங்கு

அத்தியாயம் 7

குழாயடியில் போன வாரம் பறந்த வசவுகள் உங்கள் காதை விட்டு இன்னும் இறங்கியிருக்காது. இராஜம்மாவின் காதை விட்டும் இறங்கவில்லை. "உன் வீட்டுச் சாக்கடையாலதான்டி என் பிள்ளைக்குக் காய்ச்சல்!" என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் மொத்தமும் கேட்கும்படி பக்கத்து வீட்டு நல்லம்மாளைப் பார்த்துக் கத்தியவள் அவள்தானே.

நல்லம்மாள் மட்டும் லேசுப்பட்டவளா? "மகாராணி வீட்டுல மட்டும் பன்னீர் ஓடுதாக்கும்!" என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

மகள் பவுனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் என்ன பிரயோசனம்? மூட்டு மூட்டாக முறித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது பாழாய்ப்போன காய்ச்சல். ஐந்து வயசுப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இராஜம்மாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். வரும்போதெல்லாம் நல்லம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்துக்கொள்வாள்.

இது ஒரு பக்கம் இருக்க, இன்றைக்கு விடிந்ததிலிருந்து வீட்டில் வேறொரு புகைச்சல். இராஜம்மாவின் நாத்தனார் தனலெட்சுமி சாயங்காலம் திடலில் நின்று பேசப்போகிறாள். கல்யாணமாகாத பெண், பலர் பார்க்க, வொர்க்ஷாப் விட்டு வருகிற ஆண்பிள்ளைகள் நடுவில். அதுவும் எதைப் பற்றி? கொசுப்புழுவைப் பற்றி!

தனத்தின் அண்ணன், இராஜம்மாவின் புருஷன் சபாபதி, ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிராணி. வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"ராஜம், உன் நாத்தனாகிட்டச் சொல்லி வை. இன்னைக்குத் திடல்ல நானும் வந்து நிப்பேன். ஊரு சிரிச்சுதுன்னா, அந்த ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்கு இன்னைக்கே முழுக்கு."

"அடுத்த அறையிலதானே இருக்கா. நீங்களே சொல்றது?"

"எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. டீச்சராவாள்னு மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வெச்சேன். புழு வளக்கிறதுக்கா அனுப்பினேன்? நேத்து வண்டிக்கு வந்தவன் ஒருத்தன் டிக்கெட் வாங்கிட்டுக் கேக்கறான், 'கொசு வீட்டுக்காரரு நீங்கதானே'ன்னு!"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டான். என்றைக்கும் சாப்பிட்டுவிட்டுப் போகிற தோசையைக்கூட இன்றைக்குத் தொடவில்லை.

தனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையைப் பின்னிக்கொண்டே வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது.

"அண்ணி, ஊரு சிரிக்காம இருந்தா?"

"சிரிக்காம எப்படி இருக்கும்? மண்டபத்துல பேசித் தொலைச்சா என்ன? எதுக்கு வெட்டவெளியில?"

"மண்டபத்துல ஒருதரம் பேசிப் பாத்தோம் அண்ணி. தொப்பி போட்ட துரைங்க வந்து உக்காந்து கைதட்டிட்டுப் போனாங்க. ஒரு பொம்பளை வரலை. சமையல்கட்டு பொம்பளைங்க கையிலதானே இருக்கு? அவங்க காய் வாங்கப் பாசாருக்குப் போற வழியில நின்னாத்தான் கேப்பாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நம்ம சமையல்கட்டையும் ஒருதரம் நான் பாத்துடட்டுமா?"

இராஜம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இந்தக் கேள்வியைத் தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் இவள்.

"என் சமையல்கட்டுல புழுவா? ஊரு முழுக்கப் பாத்துட்டு வா, கடைசியில இங்க வரலாம். போம்மா, நல்லம்மா வீட்டுல போய்ப் பாரு, கூடை கூடையா அள்ளலாம்!"

தனம் சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிடவும் மனமில்லாமல் குடையை விரித்துக்கொண்டு நடந்தே போனாள். அந்த முதுகைப் பார்த்தபோது இராஜம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு அந்த வேலையை விட்டால் வேறு உலகமே கிடையாது. அது இராஜம்மாவுக்குத் தெரியும். வேலை போனால் அழமாட்டாள், கத்தமாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சுருங்கிப்போவாள், அவ்வளவுதான்.

காலை முழுக்க இராஜம்மாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோற்றைக் குழைத்தாள். ரசத்தில் உப்புப் போட்டோமா என்று யோசித்து யோசித்து இரண்டு தரம் போட்டாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடையாய் நடந்தாள்.

அவள் சமையல்கட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மாடி! அடுப்பு மேடையில் முகம் பார்க்கலாம். பலகாரமும் மீந்த குழம்பும் வைக்கிற கம்பி வலை அலமாரி மூலையில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்கள் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிற்கும். மற்ற வீடுகளில் இதற்கு வெட்டின பால் டின்தான். நல்லம்மாள் வீட்டில் துருப்பிடித்த பால் டின். இராஜம்மா வீட்டிலோ சீனன் கடையில் வாங்கின வெள்ளைப் பீங்கான் மங்கு! வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்க்காதவர்களை இராஜம்மா பார்க்க வைப்பாள்.

மத்தியானம் பவுனு தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டை உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"அம்மா, எடுத்துக் குடு. எனக்குக் குனிய வரலை. முட்டி வலிக்குது."

இராஜம்மா முனகிக்கொண்டே குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். முகத்துக்கு நேரே மங்கு. தெளிந்த தண்ணீர். அதில் ஏதோ துடித்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். மயிரிழை மாதிரிச் சின்னச் சின்னதாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நிறைய இருந்தன. இவள் நிழல் பட்டதும் எல்லாம் நெளிந்து நெளிந்து அடியில் முழுகின. சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தன.

மூட்டுக் காய்ச்சல் கொண்டுவருகிற கொசுவின் புழு நல்ல தண்ணீரில் இருக்கும், நிழல் பட்டால் முழுகும் என்று தனம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, "சோத்துல கை வெச்சிட்டு என்னடி பேச்சு" என்று இவளிடம் திட்டு வாங்கியது ஞாபகம் வந்தது.

அடுத்த மங்கிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

இராஜம்மா குப்புறப் படுத்தபடியே கிடந்தாள். அப்படியானால் பவுனைப் படுத்தியெடுத்த சனியன் நல்லம்மாள் வீட்டிலிருந்து வரவில்லை. இங்கேயே, இந்த வெள்ளை மங்கில், அவள் கையால் தினம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு நானேவா? ஐயோ, நானேவா?

"கெடைச்சுதாம்மா?" என்றாள் பவுனு.

"இரு... இரு கண்ணு."

மனுஷ புத்தி என்னவெல்லாம் செய்யும் பாருங்கள். அழுகையை முந்திக்கொண்டு அவளுக்கு வந்தது பயம். யாராவது பார்த்துவிட்டால்? நல்லம்மாளுக்குத் தெரிந்தால்? எழுந்து கொல்லைக் கதவைச் சாத்தினாள். அலமாரியைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, ஒவ்வொரு காலாக மங்கை உருவினாள். கொல்லை மண்ணில் எல்லாவற்றையும் கொட்டினாள். வெயில் சுட்ட மண் அதை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிக்கொண்டது. குழாய்த் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, மங்குகளைப் பழையபடி வைத்தாள்.

முடிந்தது. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பவுனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனாள். போகாமல் இருக்கத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை.

திடல் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் காப்பிக்கடையில் இரவல் வாங்கின மேசை. அதன்மேல் பித்தளைக் குழாய் வைத்த மைக்ராஸ்கோப்பு, பிடி போட்ட பூதக்கண்ணாடி, இரண்டு போத்தல். மேசைக்குப் பின்னால் தனம். பக்கத்தில் அவள் கூட வேலை பார்க்கும் மார்க்கிரட். கிள்ளானில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண். கொழும்பில் படித்துவிட்டு வந்தவள், தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில்தான் வருவாள். இரண்டு பேருமாக வீடு வீடாகத் தண்ணீர் எடுத்து, அதில் இருக்கும் புழுவை வளர்த்து, எது எந்தக் கொசுவாகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை மாசமாக அவர்கள் வேலை.

கூட்டத்துக்குக் குறைச்சலில்லை. வொர்க்ஷாப் கரிக் கையோடு நிற்கிறவர்கள், பாசார் கூடையோடு நிற்கிறவர்கள், சும்மா வேடிக்கைக்கு நிற்கிறவர்கள். முன்வரிசையில் இடுப்பில் கை வைத்தபடி நல்லம்மாள். ரோட்டோரமாக, எல்லாருக்கும் பின்னால், வெள்ளைக் கோட்டில் சபாபதி.

தனம் பேச வாயெடுத்தாள். ரோட்டோரம் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிக்கிறீர், தனம்? சொல்லும்," என்றாள் மார்க்கிரட். "உமக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லப்போறீர்."

தனம் ஒரு போத்தலைக் கையில் எடுத்தாள். "இப்ப நம்ம பக்கம் சுத்துற மூட்டுக் காய்ச்சல், கொசு கடிச்சு வர்றது. காலுல வெள்ளை வெள்ளையா வளையம் போட்ட கொசு. பகல்ல கடிக்கும். அது சாக்கடையில வளராது. வீட்டுக்குள்ள, நல்ல தண்ணியில வளரும்."

குபீரென்று ஒரு சிரிப்பு.

"அப்ப சாக்கடைக்கு எண்ணெய் ஊத்துறவன் சம்பளத்தை நிறுத்திடலாமா?" என்று கேட்டான் வொர்க்ஷாப் அய்யாவு.

"அண்ணை, அந்தக் கொசு வேறை, இந்தக் கொசு வேறை," என்றாள் மார்க்கிரட். "இவ சுத்தக்காரி. ஊத்தைத் தண்ணியைத் திரும்பியும் பாக்கமாட்டா. நீங்கள் குடிக்கிற தண்ணிதான் இவவுக்கும் வேணும்."

இதற்கு வேறு மாதிரிச் சிரித்தார்கள். கொஞ்சம் பேர் கிட்டே வந்தார்கள். இராஜம்மாவுக்கு மூச்சு வந்தது.

ஆனால் நல்லம்மாள் விடுகிறவளா? "எல்லாம் சரிம்மா. அந்தப் புழுவை நீங்களே போத்தல்ல பிடிச்சாந்து எங்க வீட்டுல இருக்குன்னு சொன்னா எப்படி? யாரு வீட்டுல இருந்துச்சு? பேரைச் சொல்லு, பாப்போம்."

தனம் மார்க்கிரட்டைப் பார்த்தாள்.

"சொல்லு தங்கச்சி!" என்றான் அய்யாவு.

"சொல்ல முடியாதுண்ணே. தண்ணி எடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டுலயும் வாக்குக் குடுத்திருக்கோம், பேரை வெளிய விடமாட்டோம்னு. அப்படிச் சொன்னதாலதான் உள்ளேயே விட்டாங்க."

"அப்படிப் போடு!" நல்லம்மாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "பேரு இல்லையாம்! ஆளு இல்லாத வீட்டுல கொசு வளருதாம்!"

இப்போது வந்த சிரிப்பு மோசமான சிரிப்பு. யாரோ சீட்டி அடித்தான். "வாங்கப்பா, நேரமாச்சு" என்று பின்னால் இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். பாசார் கூடைகள் இடுப்புக்கு ஏறின. தனம் போத்தலை மேசையில் வைத்தாள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, ரோட்டோரத்தில் நின்ற அண்ணனைத்தான் பார்த்தாள். சபாபதி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பார்வையை இராஜம்மா பார்த்துவிட்டாள். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, பார்த்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இடுப்பில் இருந்த பவுனு காலை மாற்றிப் போட்டு, "வலிக்குதும்மா" என்று சிணுங்கினாள்.

"என் வீட்டுல இருந்துச்சு!"

தன் குரல்தான் அது என்று இராஜம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. நகர்ந்தவர்கள் நின்றார்கள்.

"என் வீட்டுலதான். அலமாரிக் கால் மங்குல. மத்தியானம் பாத்தேன். துடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

நல்லம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "யாரு வீட்டுல?"

"என் வீட்டுல."

"அந்த வெள்ளை மங்குலயா?"

"ஆமா. அந்த வெள்ளை மங்குலதான்."

"அப்ப குழாயடியில என்னைக் கேட்ட கேள்வி?"

இராஜம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. "தப்புதான். உன் சாக்கடைன்னு சொன்னது தப்புதான்."

"சத்தமாச் சொல்லு. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

"தப்புன்னு சொல்றேன்ல! மைக்கு வெச்சா சொல்லச் சொல்றே?"

கூட்டம் சிரித்தது. ஆனால் நல்லம்மாள் அத்தோடு விடவில்லை. "நாத்தனாவைக் காப்பாத்த அண்ணி கதை கட்டுறான்னு நான் சொல்லுவேன். எங்க புழு?"

"கொட்டிட்டேன்." இராஜம்மா பவுனை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். "யாராச்சும் பாத்துடுவாங்கன்னு கொட்டிட்டேன்."

"போச்சுடா!" என்றான் அய்யாவு.

தனம் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி, கொட்டிட்டு மங்கைத் தேச்சுக் கழுவினீங்களா?"

"எங்க தேச்சேன்? அவசரத்துல கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தி வெச்சேன்."

தனத்துக்கும் மார்க்கிரட்டுக்கும் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அப்படியே எடுத்துட்டு வாங்க அண்ணி. தண்ணியோட!"

"அவ போக வேணாம்," என்றாள் நல்லம்மாள். "மறுபடி வழியில கொட்டிடுவா. நான் போறேன். அய்யாவு, அலமாரியத் தூக்க ஒரு கை குடு, வா."

இராஜம்மாவின் சமையல்கட்டுக்குள் நல்லம்மாள்! சண்டைக்கு அப்புறம் முதல் தடவை, அதுவும் இந்தக் காரியத்துக்கு. இராஜம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நல்லம்மாள் மங்கை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல், பால்குடம் எடுக்கிற பவிசோடு திரும்பி வந்தாள்.

தனம் மங்கைச் சாய்த்துப் பிடித்தாள். வெள்ளைப் பீங்கானின் உள்சுவரில், கரிப்பொடி தூவின மாதிரி ஒரு கோடு.

"இது அழுக்கு இல்லை. முட்டை. தண்ணிக்கு மேல சுவத்துல ஒட்டி வெச்சிட்டுப் போயிடும். இந்த மாதிரி முட்டையைக் காயப்போட்டு மாசக்கணக்கா வெச்சுப் பாத்தோம். சாகலை. தண்ணி பட்டதும் பொறிச்சிடுச்சு. கொட்டினாப் போதாது, அதைத்தான் நாங்க கண்டுபிடிச்சோம். தேய்க்கணும், வாராவாரம் தேய்க்கணும்." இப்போது அவள் குரல் திடலின் கோடி வரைக்கும் போயிற்று. "அண்ணி மத்தியானம் ஊத்தின இந்தப் புதுத் தண்ணியைப் பாருங்க. யாரு முதல்ல?"

"நான்தான்," என்று நல்லம்மாள் பூதக்கண்ணாடியைப் பிடுங்கினாள். குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஐயையோ... தூசி மாதிரி இருக்கு. தூசி நெளியுதுடி!"

அப்புறம் என்ன, தள்ளுமுள்ளுதான். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் மார்க்கிரட் வரிசை பிடித்து, "ஒரு கண்ணை மூடுங்கோ, மற்றக் கண்ணால பாருங்கோ" என்று ஒவ்வொரு பெண்ணாகக் குனிய வைத்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்த அய்யாவு மீசையைத் தடவிக்கொண்டான்.

நல்லம்மாள் தனத்தின் காதருகே போனாள். "பால் டின்னுலயும் இருக்குமா?"

"எதுலயும் இருக்கும் அக்கா."

நல்லம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாசாருக்குப் போகிறவர்கள்கூட வந்த வழியே திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் குவாட்டர்ஸ் வரிசை முழுக்கத் தேங்காய்நாரை வைத்துக் கரகரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது.

இராஜம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மானம் போனது போனதுதான். போகட்டும், தனத்தின் வேலை தப்பித்துவிட்டது. பவுனைத் தூக்கிக்கொண்டு நேரே ரோட்டோரத்துக்கு நடந்தாள்.

"பாத்தீங்களா? ஊரு சிரிச்சுதா? வாயைப் பிளந்துதா? இப்பச் சொல்லுங்க."

சபாபதியின் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னங்க? உடம்புக்கு என்ன?"

"ராஜம்... நான் காலையிலயே சொல்லிட்டேன்."

"என்னத்தைச் சொன்னீங்க?"

"கிள்ளான் வண்டிக்கு அவ ஆராய்ச்சிக்கூடத்துத் துரை வந்தாரு. டிக்கெட் ஜன்னல்ல நான்தான் இருந்தேன். தங்கச்சி இனிமே வேலைக்கு வரமாட்டான்னு சொல்லிட்டேன்." எச்சிலை விழுங்கினான். "வருத்தம்தான்னாரு. நாளைக்கே வேற ஆளைப் போட்டுக்கறேன்னாரு. வண்டி ஏறிட்டாரு."

சாயங்காலம் பார்த்து முடிவு செய்கிறேன் என்றவன், காலையிலேயே முடித்துவிட்டு வந்து இங்கே நின்றிருக்கிறான். ஊர் முன்னால் இராஜம்மா தலை குனிந்ததெல்லாம், முடிந்துபோன விஷயத்துக்கா?

"சிரிப்பாங்கன்னு நெனைச்சேன் ராஜம். சத்தியமா, சிரிப்பாங்கன்னுதான் நெனைச்சேன்."

"இவளைப் பிடிங்க." பவுனை அவன் கையில் திணித்தாள்.

அதற்குள் தனம் ஓட்டமும் நடையுமாக அவர்களிடம் வந்துவிட்டாள். முந்தானையெல்லாம் ஈரம். அவள் இப்படிச் சிரித்து இராஜம்மா பார்த்து எத்தனையோ மாசம் ஆயிற்று. பேச்சு இல்லை என்பதையே மறந்துவிட்டு நேரே அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, சாலாக் செலாத்தான் ஊர்ல இருந்து வந்தவங்க கூப்பிடுறாங்க! அடுத்த வாரம் அங்க ஒரு மரத்தடியில வந்து காட்டச் சொல்றாங்க. நானும் மார்க்கிரட்டும் போயிட்டு வரட்டுமா? நீங்க வேணாம்னா போகலை. நீங்களே சொல்லுங்கண்ணே."

சபாபதி பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளப் பார்த்தான். இராஜம்மா விடவில்லை.

"கேக்குறா இல்ல? காலையில துரைகிட்டத் திறந்த வாய்தானே அது. இப்ப தங்கச்சிகிட்டத் திறங்க."

தனத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"துரைகிட்டயா? துரைகிட்ட என்னண்ணே சொன்னீங்க?"